ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு ஒரு பாராட்டு மடல்

நொறுக்குத் தீனியைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பெருவணிகர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் உடல்பருமனைக் குறைப்பது பற்றி ஊரில் கூட்டம் போட்டால் மேடையில் மருத்துவர் இருப்பார், கல்வி அதிகாரி இருப்பார், ரோட்டரி சங்கத் தலைவர் இருப்பார். உங்களுக்கு அழைப்பு வருவதில்லை. பேச்சின் நடுவே உங்களைத் திட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எனக்கு அது முறையாகப் படவில்லை. இந்த நாட்டில் குழந்தைகளைக் குறிவைத்து நடக்கும் வேலைகளில் ஆக நேர்த்தியானது உங்களுடையதுதான். ஒரு சமூகத் திட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் உங்களைத்தான் காட்டுவேன். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் உங்கள் வருகை. பேருந்து நாளைக்கு இரண்டே நடை வரும் ஊருக்கும் உங்கள் லைன் வண்டி வாரம் தவறாமல் வந்துவிடுகிறது. மழை, தேர்தல், கோயில் கொடை எதற்காகவும் அது நின்றதில்லை. எத்தனை சரம் போயிற்று, எந்த மசாலா தேங்கிக் கிடக்கிறது, போட்டிக் கம்பெனிக்காரன் என்ன சலுகை கொடுக்கிறான் என்றெல்லாம் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் விசாரித்து, புதுச் சரங்களைத் தொங்கவிட்டுவிட்டுப் போகிறார் உங்கள் சேல்ஸ்மேன். சரம் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை எக்கினால் கைக்கு எட்டும் உயரம் அது.

எங்கள் பக்கமும் ஒரு வண்டி உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வர வேண்டும். வருபவர்கள் நல்லவர்கள். இதயக் குறைபாட்டையும் கண் கோளாறையும் கண்டுபிடித்து, எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எடையையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆனால் ஆண்டுக்கொரு முறை வருபவர் சொல்வது பிள்ளையின் மனத்தில் தங்குமா, வாரந்தோறும் வருபவர் தொங்கவிட்டுப் போவது தங்குமா? தவறாமல் வருவதே பாதி வெற்றி என்பதை நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது விலை. ஐந்து ரூபாய் நாணயம் குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும். பால், பேருந்து, பள்ளிக் கட்டணம் என்று எல்லாம் ஏறின. உங்கள் ஐந்து ரூபாய் மட்டும் ஏறவில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் கிராமைக் குறைத்தீர்களே தவிர, பிள்ளையின் கையிலிருக்கும் காசுக்கு மேல் போகவே இல்லை. எங்கள் பழக்கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாழைப்பழம் ஒன்று பல ஊர்களில் ஐந்து ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆப்பிளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரசும் உங்கள் பக்கம் நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், மிக்சர் வகைகள், உடனடி நூடுல்ஸ், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 அல்லது 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. அதே நாளில் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களின் வரி 40 விழுக்காடு என்று ஆனது. பாட்டிலில் இருக்கும் சர்க்கரை தீங்கு, பிஸ்கட்டில் இருக்கும் சர்க்கரை நடுத்தர வர்க்கத்துக்கு நிவாரணம் என்று ஒரே ஜி.எஸ்.டி. மன்றம் ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தது. பண்டிகை நேரத்தில் வரி குறைந்ததற்காக மகிழ்ந்த குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். முடிவெடுத்த மேசையில் குழந்தை மருத்துவர் ஒருவருக்கு நாற்காலி போடாதவர்களைச் சொல்வேன்.

சுவை விஷயத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தையைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர், டாக்டர் பெப்பர் என்ற குளிர்பானத்துக்குப் புதுச் சுவை ஒன்றைக் கண்டுபிடிக்க 61 கலவைகளைத் தயாரித்தார். அவற்றை மக்களிடம் கொடுத்து மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தடவை சுவைக்கச் செய்து, எந்த அளவு சர்க்கரையில் நாக்கு முழுதாக மயங்குகிறது என்று கணக்கிட்டார். ஒரே ஒரு பானத்துக்காக இவ்வளவு! குழந்தையின் நாக்குக்கு இத்தனை மதிப்புக் கொடுத்து உழைத்த சத்துணவு வல்லுநர் யாரையும் எனக்குத் தெரியாது. முளைகட்டிய பயறைக் கொண்டுவந்து வைத்து, "சத்து இருக்கு, சாப்பிடு" என்பதோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. உப்பு கூடியதா, உறைப்பு போதுமா, ஆறிப்போன சுண்டல் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

உங்கள் வேலையின் தரத்துக்கு 2019-ல் ஆய்வுக்கூடச் சான்றும் கிடைத்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் இருபது பெரியவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்தனர். இரண்டு வாரம் ஆலைகளில் மிகுந்த பதப்படுத்தலுக்கு உள்ளான உணவு, இரண்டு வாரம் சமையலறையில் சமைத்த எளிய உணவு. பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்கள் வளர்ந்த மனிதர்கள். தாங்கள் ஆய்வில் இருக்கிறோம் என்று தெரிந்தவர்கள். அவர்களாலேயே நிறுத்த முடியாததை ஒன்பது வயதுப் பிள்ளை மன உறுதியால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எங்கள் விழிப்புணர்வு முகாம்கள் எதிர்பார்க்கின்றன. உங்களுக்கு மனித உடலைப் பற்றி அப்படிப்பட்ட தவறான எண்ணம் எதுவும் இல்லை.

இன்னொரு குணத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வெட்கம் வருகிறது. நீங்கள் எந்தப் பிள்ளையையும் அவமானப்படுத்துவதில்லை. பாக்கெட்டில் அடைத்த பண்டம் எந்தக் குழந்தையையும் "குண்டா" என்று கூப்பிட்டதில்லை. வகுப்பறையில் எல்லோர் முன்பும் எடைக்கருவியில் ஏற்றி, எடையை உரக்க வாசித்ததில்லை. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்ததற்குச் சிரித்ததில்லை. சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமா, பி.டி. மாஸ்டர் எல்லோரும் செய்வதை நீங்கள் செய்வதில்லை. வாடிய முகத்தோடு வரும் பிள்ளைக்குக் கார்ட்டூன் சிரிப்பையும் உள்ளே ஒரு ஸ்டிக்கரையும் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

சிங்கப்பூர் இதில் ஒரு பாடம். அங்கே 1992-ல் கல்வி அமைச்சு பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்து, மற்றவர்கள் விளையாடிச் சாப்பிடும் நேரத்தில் அவர்களை மட்டும் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். கணக்குப்படி திட்டம் வென்றது. 14 விழுக்காடாக இருந்த பருமன் பத்துக்குக் கீழே வந்தது. ஆனால் அந்த வரிசையில் நின்ற சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் இன்று நடுவயதை நெருங்கியும், மற்றவர்களின் கேலி காதில் விழ மைதானத்தில் ஓடியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2007-ல் அதைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான உடல்நலத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது அமைச்சு. பதினைந்து ஆண்டு கழித்துப் படித்த அந்தப் பாடத்தை நம் ஊர்ப் பள்ளிகள் பல இன்னும் படிக்கவில்லை. நீங்கள் தொடங்கும்போதே படித்துவிட்டீர்கள்.

உங்கள் உழைப்பின் பலன் எண்ணிக்கையிலும் தெரிகிறது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உடல்பருமன் உள்ளவர்கள் 9.4 விழுக்காடு, எடை குறைந்தவர்கள் 9.2 விழுக்காடு. பருமன் எடைக் குறைவை முந்தியது இதுவே முதல் முறை. 2000-ல் பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் எடை மிகுந்தவர்கள், 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2.1 விழுக்காடு, 2019-21 கணக்கெடுப்பில் 3.4. சின்ன எண்தானே என்று தோன்றும். இதே கணக்கெடுப்பில், இதே வயதில், மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது. ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் இரண்டையும் பார்க்கலாம். அக்காள் வளரவில்லை, தம்பி வளர்ந்தது இடுப்பில். இருவர் கையிலும் உங்கள் பாக்கெட் இருக்கிறது. சாதி, மதம், ரேஷன் கார்டின் நிறம் எதையும் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளிடமும் போய்ச் சேர்ந்தவர்கள் நீங்கள்.

எவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதையும் உங்களிடம்தான் கற்க வேண்டும். எங்கள் விழிப்புணர்வு வகுப்பு பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் ஆறு மாதக் குழந்தைக்கு விற்கும் செரலாக்கில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்ந்திருக்கிறது, அதே நிறுவனம் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்கும் அத்தகைய உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை என்று சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. பின்னர் இங்கும் சர்க்கரை சேர்க்காத வகைகள் வந்தன. அம்பலமாகும் வரை இரண்டு விதமாக இருந்தது ஏன் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. நாக்கு ஒரு சுவைக்குப் பழகும் வயது எது என்பது உங்கள் துறைக்கு நன்றாகத் தெரியும்.

இனி எங்கள் பக்கத்து ஏற்பாடுகள். உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020-ல் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. தொண்டு நிறுவனம் ஒன்று 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கிலிருந்து பிறந்த விதி இது. பத்தாண்டு போராடியவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஐம்பது மீட்டர் என்பது பத்து வயதுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் நடக்கும் தொலைவு. அதற்குள்ளாவது விதி நடக்கிறதா என்று எந்தப் பள்ளி வாசலிலும் நின்று பார்த்துவிடலாம். அதிகாரிகள் வந்தால் முதலில் நகர்த்தப்படுபவர் தள்ளுவண்டிக்காரர். வேகவைத்த கடலை, நெல்லிக்காய், கொய்யாக் கீற்று, உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் விற்ற பாட்டிக்கு உரிமமும் கிடையாது, சங்கமும் கிடையாது. சுகாதாரம் என்ற பெயரில் அவரை விரட்டுவது எளிது. உரிமம், உறை, தயாரிப்புத் தேதி எல்லாம் கொண்ட உங்கள் சரம் கடைக்குள் பத்திரமாக இருக்கிறது.

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை, நாளைக்கு எவ்வளவு போதும் என்று எழுதி வைக்க வேண்டும். இரவு உட்கார்ந்து சார்ட் ஒட்டிய ஆசிரியைகளின் உழைப்பு வீணில்லை. பெற்றோர் பலருக்கு அது முதல் செய்தி. ஆனால் அந்தக் கணக்கை எழுத வேண்டிய இடம் பாக்கெட்டின் முன்பக்கம். அங்கே நீங்கள் பழத்தின் படத்தைப் போட்டுக்கொள்ள, சர்க்கரையின் கிராமை வரைய ஆசிரியை ஸ்கெட்ச் பேனா வாங்க வேண்டியிருக்கிறது.

சிலி நாட்டில் 2016 ஜூனில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ மிகுந்த பண்டத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. அந்த முத்திரை விழுந்த பெட்டியில் கார்ட்டூன் இருக்கக் கூடாது, பள்ளியில் அதை விற்கக் கூடாது, குழந்தைகளுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. ஒன்றரை ஆண்டுக்குள் சர்க்கரைப் பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. இந்தியாவில் 2022-ல் வந்த வரைவு எச்சரிக்கை முத்திரையை விட்டுவிட்டு நட்சத்திர மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மிக மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு. நட்சத்திரம் என்பது ஆசிரியர் நல்ல கையெழுத்துக்கு நோட்டில் போட்டுக்கொடுப்பது. அதைப் பார்த்து எந்தப் பிள்ளை பண்டத்தைக் கீழே வைக்கும்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்த பிறகும் பேச்சுவார்த்தை நீண்டது. பேச்சுவார்த்தை மேசையில் உங்கள் பொறுமைக்கு ஈடு யாரும் இல்லை.

விளையாட்டின் மேல் உங்களுக்குள்ள அக்கறையையும் சொல்லியாக வேண்டும். போட்டிகளுக்குக் கோப்பை தருகிறீர்கள், மட்டைப்பந்து வீரர்களை விளம்பரத்தில் ஓடவிடுகிறீர்கள். பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்க்கும் பள்ளிகளும், மைதானமே இல்லாமல் மூன்று மாடி எழுப்பிக் கட்டணம் வாங்கும் பள்ளிகளும் உங்களைக் கைநீட்டிக் குற்றம் சொல்லத் தகுதியற்றவை. ஆனால் 2014-ல் கோகோ கோலா நிறுவனத்தின் பணத்தில் அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் வலையமைப்பு உருவாகி, உண்பதை விட உழைக்காததே பருமனுக்குக் காரணம் என்ற பக்கம் பேச்சைத் திருப்பியதையும், செய்தி வெளியானதும் கொலராடோ பல்கலைக்கழகம் வாங்கிய பத்து லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்ததையும், 2015 முடியும் முன்பே அந்த அமைப்பு கலைந்ததையும் நான் மறக்கவில்லை. ஓட்டத்தைப் பற்றிப் பேசினால் பாக்கெட்டைப் பற்றிப் பேச நேரமிருக்காது.

உங்களை யாரும் வென்றதில்லை என்று சொல்லமாட்டேன். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2012-ல் தொடங்கி, ஏழைப் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பள்ளியில் பழச்சாற்றையும் நிறுத்தி, விளையாட்டு விழாக்களில் உங்களைப் போன்றவர்களின் விளம்பரப் பணத்தையும் மறுத்தது. மூன்றாண்டில் எடை மிகுந்த பிள்ளைகள் 21 விழுக்காட்டிலிருந்து 18.5 ஆனார்கள். பின்னர் வேகம் குறைந்தது உண்மை. ஆனாலும் இருபது ஆண்டுத் திட்டம் என்று முதல் நாளே சொல்லித் தொடங்கினார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆகஸ்ட் மாதம் திருக்குவளையில் விரிவாக்கப்பட்டபோது முப்பத்தோராயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளை எட்டியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். பெரும்பாலும் சமைப்பவர்கள் அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பசி தீர்க்க வந்த திட்டம்தான் அது. ஆனால் உங்கள் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது: பள்ளி நாள் தவறாமல் வருகிறது, பிள்ளையிடம் காசு கேட்பதில்லை, யாரையும் பிரித்து நிறுத்துவதில்லை, சூடாக இருக்கிறது. வயிறு நிறைந்த பிள்ளையின் கண்ணில் இடைவேளைக்கு முன் உங்கள் சரம் படுவதில்லை.

அந்த அரசுப் பள்ளி வாசலில் நீங்கள் தோற்றாலும், ஒரு தெரு தள்ளி இருக்கும் தனியார் பள்ளி உங்களைக் கைவிடாது. நாட்டில் எடை மிகுந்த பிள்ளைகள் கூடுதலாக இருப்பது அங்கேதான். அங்கே சமையற்கூடம் கிடையாது. குத்தகைக்கு விட்ட கேன்டீன் உண்டு. அதில் பப்ஸ் உண்டு, உங்கள் சரமும் உண்டு. சிறப்பு வகுப்பு முடிய மாலை ஆறு மணி. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நடுவில் வேறு என்ன கிடைக்கும்? பேருந்துக்கும் சீருடைக்கும் கட்டணம் வாங்கும் நிர்வாகம், நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலுக்கு ஏற்பாடு செய்ய முடியாதா? பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் கேட்காத எங்களைப் போன்ற பெற்றோர் இருக்கும் வரை செய்யமாட்டார்கள். கடலைப் பாட்டியை அதே ஐம்பது மீட்டருக்குள் உரிமம் கொடுத்து உட்காரவைக்கவும், குழுப் பெண்களிடம் ஐந்து ரூபாய்க்குச் சுண்டல் பொட்டலம் போடச் சொல்லவும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. உங்களைப் போல வாரந்தோறும் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

பாராட்டு மடல் வாசித்து முடித்ததும் ஏற்புரை வழங்குவது நம் வழக்கம். உங்கள் ஏற்புரையில் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். எந்தத் தெருவில் எந்தக் கடையில் வாரத்துக்கு எத்தனை சரம் போகிறது என்ற கணக்கு உங்கள் சேல்ஸ்மேன் கையிலிருக்கும் கைபேசியில் பதிவாகிறது. எங்கள் சுகாதாரத் துறையிடம் பிள்ளைகளின் எடைக் கணக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் என்ன வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு இல்லை. குழந்தைகளின் நலனே முக்கியம் என்று உங்கள் இணையதளங்களில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பள்ளி இருக்கும் ஒவ்வொரு தெருவின் விற்பனைக் கணக்கையும், கடந்த ஐந்தாண்டுக்கு, மாவட்டச் சுகாதார அலுவலரிடம் கொடுங்கள். தரமாட்டோம் என்றால் ஏன் என்பதை எழுத்தில் கொடுங்கள். அதையும் பள்ளிப் பலகையில், சர்க்கரைக் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்வோம்.